சிரட்டையால் அளக்க முடியாத சட்டம்

பிள்ளைகளே, உங்கள் மாமா இந்த முறை ஏன் கட்டாருக்குத் திரும்பவில்லை என்று ஊரில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். நீங்கள் அவனிடம் கேட்டு நோகடிக்க வேண்டாம். நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

அங்கே அவன் தண்ணீர் பவுசர் லொறி ஓட்டினான். அத்தனை வருஷத்தில் குடிவகை ஒரு சொட்டும் வாயில் வைத்ததில்லை. நல்லவன் என்பதாலா, பயத்தாலா, தெரியாது. லீவில் வந்தவன் எங்களோடு வட்டைக்கு, நம் வயல்வெளிக்கு, வந்தான். வெள்ளாமை வெட்டி முடிந்த நாள். நெல் மூட்டைகளை லேண்ட் மாஸ்டர் என்கிற கை உழவு மெஷினின் பின்பெட்டியில் ஏற்றிய பிறகு வழக்கம்போலக் கள்ளு வந்தது. சிரட்டை கைமாறி அவனிடமும் வந்தது. நான் வெட்டு மெஷின்காரனோடு கணக்கு முடித்துக்கொண்டு நின்றேன்.

"அங்க வாய் மணந்தாலே போதும் அத்தான். மறியல்ல போட்டு, பிறகு பிளேன்ல ஏத்திருவானுகள்" என்றான் உங்கள் மாமா. "இஞ்ச அப்பிடி இல்ல. அளவு ஒண்டு இரிக்கி."

அளவு இருப்பது உண்மைதான். ஆனால் அது இரத்தத்தில் பார்க்கிற அளவு. சிரட்டைக்கணக்கில் அது எவ்வளவு என்று வட்டையில் நின்ற ஒருவருக்கும் தெரியாது. கள்ளை யாரும் குடிவகையில் சேர்ப்பதுமில்லை. லேண்ட் மாஸ்டரை வாகனத்தில் சேர்ப்பதுமில்லை. மண்வெட்டி மாதிரி அதுவும் ஒரு சாமான் என்றுதான் எங்கள் எண்ணம்.

வட்டையிலிருந்து வீட்டுக்கு வரச் சித்தாண்டிப் பக்கம் பெரிய ரோட்டில் கொஞ்சத் தூரம் ஏற வேண்டும். மூட்டைகளோடு லேண்ட் மாஸ்டரை எனக்கு முன்னே அவன் ஓட்டிப் போனான். அங்கே பொலிஸ் நின்றது. ஊதச் சொன்னார்கள், பயமில்லாமல் ஊதினானாம்.

நான் பொலிசுக்குப் போனபோது அவன் மர வாங்கில் குனிந்து உட்கார்ந்திருந்தான். அது வயல் மெஷின்தானே ஐயா என்று கேட்டுப் பார்த்தேன். அந்தப் பொலிஸ்காரர் நம் பக்கத்து ஆள்தான், கோபப்படவில்லை.

"அண்ணன், ரோட்டில ஒரு புள்ள சைக்கிள்ல வந்தா, வயல் மெஷின் எண்டு இது அந்தப் புள்ளைய இடிக்காம விலத்திப் போகுமா?"

பிணைக்கு எங்கே கையெழுத்து வைப்பது என்று கேட்டேன்.

நீதிமன்றத் தவணை அவன் பயணத்துக்குப் பிறகு விழுந்தது. அன்று வராமல் பிளேன் ஏறினால் பிடியாணை வரும் என்றார் சட்டத்தரணி. லீவைக் கூட்டித் தரச் சொல்லி அவன் கம்பெனிக்குப் போன் எடுத்தான். காரணம் கேட்டார்கள். அக்காவுக்குச் சுகமில்லை என்று சொல்லடா தம்பி என்று உங்கள் அம்மா பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தாள். அவனுக்குப் பொய் வரவில்லை. உள்ளதைச் சொன்னான். வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இங்கே தண்டத்தோடும் லைசன்ஸ் நிறுத்தத்தோடும் முடிகிற குற்றம், அங்கே போய் அவன் வேலையைத் தின்றது.

அவுஸ்திரேலியாவில் இருக்கும் உங்கள் பெரியம்மா போனில் கேட்டுவிட்டு, தங்களிடத்தில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு என்றாள். ஒரு மாநிலத்தில் பிடிபட்ட ஆளின் காரில் ஒரு கருவி பூட்டுவார்களாம், அதில் ஊதிக் காட்டினால்தான் கார் ஸ்டார்ட் ஆகுமாம். உங்கள் மாமா சிரித்தான். "நம்மட லேண்ட் மாஸ்டருக்குச் சாவியே இல்ல அக்கா" என்றான். அந்தச் சிரிப்பைக் கேட்க எனக்கு அலுப்பாக இருந்தது.

தவணையன்று நானும் கூடப் போனேன். குற்றத்தை ஒப்புக்கொண்டான். தண்டம் கட்டினோம், லைசன்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இனி பாசிக்குடா ஹோட்டல் ஒன்றில் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் வேலைக்குப் போகப் போகிறான். பஸ்ஸில்தான் போக வேண்டும்.

எந்த நாட்டுச் சட்டம் நல்லது என்று சொல்ல எனக்குப் படிப்புப் போதாது. பவுசர் ஓட்டிய கை சும்மா கிடப்பதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

அன்று நீதிமன்றத்திலிருந்து வந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். நான் கொட்டிலுக்குப் போனேன். லேண்ட் மாஸ்டரைச் சுழற்றி ஸ்டார்ட் பண்ணுகிற இரும்புக் கைப்பிடி, இரவல் கேட்டு வருகிறவர்களுக்காக எப்போதும்போலப் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. எடுத்தேன். உடுத்திருந்த சாரத்தால் எண்ணெயைத் துடைத்து, வீட்டுக்குள் கொண்டுபோய் நெல் மூட்டைகளுக்குப் பின்னால் வைத்தேன். இனி வேண்டியவன் என் மூக்குக்கு நேரே நின்று, வாயைத் திறந்து கேட்கட்டும்.