ஆகத் திறமான ரவை

அஜக்ஸ் நகரில் கார் உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அளவு சரிபார்ப்பது என் வேலை. மயிரிழை பிசகினாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். அப்படிப்பட்டவன் ஐம்பது வயதில் துப்பாக்கி சுடும் கழகம் ஒன்றில் சேர்ந்து, தாளில் இருக்கும் கறுப்பு வட்டத்துக்குள் பத்து வெடியில் நாலைத்தான் விழுத்தினான்.

ஏன் சேர்ந்தாய் என்று கேட்காதவர்கள் இல்லை. மனைவி ஒரேயொரு முறை கேட்டாள்.

"உந்தச் சத்தத்துக்குப் பயந்துதானே நாட்டை விட்டு ஓடி வந்தனாங்கள்? இப்ப தேடிப் போய்க் கேக்கிறியளோ?"

தாளில் ஓட்டை போடுகிற விளையாட்டு, வேறொன்றுமில்லை என்றேன். இங்கே கைத்துப்பாக்கி விற்பதற்கு அரசாங்கத் தடை வருமுன்னமே ஒன்றை வாங்கியும் வைத்திருந்தேன்.

வட்டத்துக்குள் ஓட்டை விழாத பழியைத் துப்பாக்கி ரவைகளின்மேல், அதாவது தோட்டாக்களின்மேல் போட்டேன். கடை ரவைகள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை என்று எங்கோ வாசித்திருந்தேன். ஆகவே சுட்டு முடிந்த வெற்றுப் பித்தளைக் கோதுகளைப் பொறுக்கி வந்து, வோபர்னில் எங்கள் வீட்டு பேஸ்மென்ற் நிலவறையில் நானே ரவை செய்யத் தொடங்கினேன். கோதைத் துப்புரவாக்கி, அடியில் தீப்பொறி தரும் புதுக் கேப் வைத்து, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, மேலே பாய்ந்து போகும் சன்னத்தை அழுத்தி மூடவேண்டும். புத்தகம் சொன்ன எல்லைக்குள் மருந்தின் அளவைச் சிறிது சிறிதாக மாற்றி ஏழு வகை செய்தேன். ஒரு குளிர்காலம் முழுக்க அதிலேயே போயிற்று. உடுப்புத் தோய்க்க இறங்கி வரும்போதெல்லாம் மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டு போவாள். மூச்சுக் காற்றுக்குத் தராசு ஆடும் என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

சனிக்கிழமைகளில் றிச்மண்ட் ஹில்லுக்கு வடக்கே இருந்த கழகத்துக்குப் போய்ப் பரீட்சித்தேன். துப்பாக்கியை அசையாமல் பற்றிக்கொள்ளும் இரும்புப் பிடி ஒன்று அங்கே இருந்தது. ஐந்தாம் வகை வென்றது. பத்துச் சன்னமும் ஒரே ஓட்டைக்குள். இருபத்தைந்து சத நாணயக் குற்றியால் அதை மூடிவிடலாம். தாளை வேலைக்குக் கொண்டுபோய் வேர்னியர் அளவுகோலால் அளந்தேன். மேற்பார்வையாளர் வந்து, இது எந்தக் காருடைய பாகம் என்று கேட்டார்.

அடுத்த சனி அதே ரவைகளைக் கையால் பிடித்துச் சுட்டேன். நாலு உள்ளே. ஆறு வெளியே, எல்லாம் கீழே.

கழகத்தில் என்னைத் தவிர இன்னொரு தமிழர் இருந்தார். மன்னார்க்காரர், பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். கடையில் கிடைக்கும் மலிவு ரவையைத்தான் சுடுவார். பத்தில் ஒன்பது உள்ளே போகும். அதை நான் அதிர்ஷ்டம் என்று முடிவுகட்டியிருந்தேன்.

"அண்ணை, இந்தத் துவக்கில ஏதோ பிழை," என்றேன்.

"தாரும் பாப்பம்."

என் துப்பாக்கியால், என் ரவையில் பத்துச் சுட்டார். பத்தும் உள்ளே.

"துவக்குத் திறம். ரவை அதைவிடத் திறம்," என்றார். பிறகு எனக்கு முதுகைக் காட்டி நின்று, ரவை அடுக்கும் மகசினை நிரப்பித் தந்தார். "இப்ப நீர் சுடும்."

முதலாவது வெடித்தது. இரண்டாவதும் வெடித்தது. மூன்றாவதற்கு விசையை இழுத்தபோது 'டிக்' என்ற சத்தம் மட்டும். வெடி இல்லை. ஆனாலும் குழல் தலை குனிந்து நிலத்தைப் பார்த்தது. என் கண் இரண்டும் மூடியிருந்தன. தோள் காதுவரை ஏறியிருந்தது.

மருந்தில்லாத போலி ரவைகளை அவர் இடையில் கலந்து வைத்திருந்தார்.

"பாத்தீரோ? வெடிக்க முதலே பயந்து கீழ அமத்துறீர்."

"நான் பயப்பிடேல்லை அண்ணை."

"நீர் பயப்பிடேல்லை. உம்மட கைதான் பயப்பிடுது."

இன்னும் மூன்று முறை நிரப்பித் தந்தார். ஒவ்வொரு போலி ரவைக்கும் துப்பாக்கி நிலத்துக்கு வணக்கம் வைத்தது. முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வெட்கம். பதினைந்து வயதில் ஊரில் குண்டுவீச்சுக்குப் பயந்து பதுங்கு குழிக்குள் கண்ணை மூடி, தோளை உயர்த்திக் குந்தியிருந்த அதே உடம்பு. அந்த உடம்பைக் கவனியாமல் மருந்தை நிறுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

வீட்டில் சொன்னேன். கேலி செய்வாள் என்று நினைத்தேன். மனைவி கோப்பை கழுவிக்கொண்டே, "ஆரும் கதவை அடிச்சுச் சாத்தினால் எனக்கும் அப்பிடித்தான்," என்றாள். "இத்தினை வருசமாய் உங்களுக்குத் தெரியாதோ?"

தெரியாது. ஏழு வகை மருந்தின் எடையும் மனப்பாடம், இது தெரியாது.

அந்த வாரம் எட்டாவது வகையைச் செய்தேன்: மருந்தும் இல்லை, கேப்பும் இல்லை. அடுத்த சனி மனைவியும் விருந்தாளியாகக் கழகத்துக்கு வந்தாள். பக்கத்து ஆட்கள் சுடும் ஒவ்வொரு வெடிக்கும் திடுக்கிட்டுக்கொண்டே, நான் பார்க்காமல் மகசினில் வெடிக்கிற ரவையையும் வெடிக்காத ரவையையும் கலந்து அடுக்கினாள்.

"தங்கச்சி, நீரும் ஒண்டு சுட்டுப் பாருமன்," என்றார் மன்னார் அண்ணை.

"ஐயோ வேண்டாம் அண்ணை. இவரை ஏமாத்தத்தான் நான் வந்தனான்."

அதை அவள் நன்றாகவே செய்தாள். கோடை முழுக்க ஏமாந்தேன். இலையுதிர் காலப் போட்டியில் பத்தில் ஏழு உள்ளே போயின. பதினாலு பேரில் நான் எட்டாவது. மனைவி காதுமூடியைக் கழற்றாமலே கை தட்டினாள்.