கடாட்சத்தின் கடைசி ஆவணி ஞாயிறு

பிறக்காத பிள்ளையோடு கோபித்துக்கொண்ட மனிதர் சண்டிலிப்பாயில் யாரென்று கேட்டால், தோட்டக்காரர் சிவகடாட்சத்தைத்தான் கைகாட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பல் விளக்கும்போதே தொடங்கிவிட்டார்.

"உது இண்டைக்கே பிறக்கோணுமோ? நாளைக்குப் பிறந்தால் முத்திப் போயிடுமோ?"

"பிள்ளைக்கு உங்கடை உபயம் தெரியுமே. அது தன்ரை பாட்டுக்கு வரும்," என்றாள் மனைவி குணலட்சுமி, தேங்காய் துருவியபடி.

தம்பி ஜெயரூபனின் மனைவி கோபிகா முதல்நாள் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தாள். கலியாணம் முடித்துக் கனகாலத்துக்குப் பிறகு தலைப்பிள்ளை. கடாட்சத்துக்கு அதில் சந்தோசமில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் தம்பிக்குப் பிள்ளை பிறந்தால் அண்ணன் வீட்டுக்கும் துடக்கு. முப்பத்தொரு நாள் கழியும் வரை கோயிலுக்குள் கால் வைக்க ஏலாது. ஒடுங்கிய ஒழுங்கைக்குள் இருக்கிற பிள்ளையாருக்கோ அன்றைக்குக் கடைசி ஆவணி ஞாயிறு. மத்தியானப் பூசை உபயம், அதாவது அதன் செலவும், தட்டோடு முன்னுக்கு நிற்கிற உரிமையும் கடாட்சத்துடையது.

போன வருசம் லண்டனில் ஒரு சித்தப்பா செத்து அதைக் கெடுத்தார். அதற்கு முதல் வருசம் கனடாவில் ஒரு பெரியப்பா. உயிரோடு இருந்த காலத்தில் முகம் துடைக்க ஒரு கைலேஞ்சிகூட அனுப்பாத இரண்டு பேரும் துடக்கை மட்டும் தவறாமல் அனுப்பிவைத்தார்கள். இரண்டு முறையும் அந்தத் தட்டைத் தூக்கியவர் பக்கத்து ஒழுங்கை நடராசா. அவர் வேறு பகுதி, சொந்தமில்லை; இந்தத் துடக்கு ஒட்டாது. தூக்கினதோடு விட்டாரா? 'கடாட்சத்துக்கும் பிள்ளையாருக்கும் பொருத்தமில்லை' என்று தேத்தண்ணிக் கடையில் சொல்லிச் சிரித்தார். மூன்றாம் வருசமும் போனால் அந்த உபயம் அப்படியே நடராசா பெயரில் ஒட்டிவிடும்.

ஆகவே கடாட்சம் ஒரு சட்டம் போட்டார். "காதிலை விழுந்தால்தான் துடக்கு. பூசை முடியும் மட்டும் ஒருத்தரும் போனைத் தொடப்படாது." தன் போனை நிறுத்தி மடியில் சொருகினார். மனைவியுடையதை அரிசி மூட்டைக்குள் புதைத்தார். பிறந்தாலும் பூசை முடியும் மட்டும் ஒருத்தருக்கும் சொல்லப்படாதென்று தம்பிக்கு இரவே சொல்லியாயிற்று.

"கோபிகாவுக்குத் தாயுமில்லை," என்றாள் குணலட்சுமி. "ஒரு பொம்பிளை கிட்ட நிக்கோணும். நான் இஞ்சை வடை சுடுறன்."

"பூசை முடியப் போவம்."

"பிள்ளையாருக்குத் தும்பிக்கை இருக்கு, பசிச்சால் தானே எடுத்துத் தின்னுவார். அவளுக்கு ஒரு சுடுதண்ணி எடுத்துக் குடுக்க ஆர்?"

"வாயை மூடிக்கொண்டு மாவைக் குழை."

சட்டிபானைகள்தான் அதற்குப் பிறகு பேசின.

அந்த நேரம் பார்த்து அயல்வீட்டு நாகேஸ்வரி வேலிக்கு மேலால் தலையை நீட்டினாள். ஊர்ப்புதினம் அவளைத் தாண்டிப் போனதாகச் சரித்திரமில்லை.

"கேள்விப்பட்டியளே, நடராசண்ணை வீட்டிலை வடைக்கு உளுந்து ஊறப் போட்டாச்சாம். ஒரு முன்னேற்பாடாம்."

கடாட்சத்துக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால் மட்டும் எரிந்தது.

பூசைத் தட்டோடு இருவரும் மோட்டார்சைக்கிளில் கோயிலுக்குப் போனால் நடராசா பட்டு வேட்டியோடு, பூசிய விபூதியோடு வாசலிலேயே நின்றார்.

"என்ன கடாட்சம், தம்பி பகுதியிலை புதினமொண்டும் இல்லையோ?"

"இல்லை."

"என்ரை மருமகள் விடிய ஆஸ்பத்திரிக்கு மருந்தெடுக்கப் போனவள். உன்ரை தம்பியைக் கண்டவளாம். முகம் முழுக்கச் சிரிப்பாம்."

"அவனுக்குப் பல்லு மிதப்பு. செத்த வீட்டிலையும் அப்பிடித்தான் நிப்பான்."

நின்றவர்கள் சிரித்தார்கள். ஐயர் மட்டும் சிரிக்கவில்லை. "கடாட்சம், ஒருக்கா எடுத்துக் கேட்டிட்டால் எல்லாருக்கும் மனம் தெளிவு," என்றார்.

கடாட்சம் மறுக்கப் பார்த்தார். மறுத்தால் நடராசா வென்றமாதிரி. தட்டை வாசல் படியில் வைத்துவிட்டு, போனை உயிர்ப்பித்து, எல்லோருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினார்.

"தம்பி, பிறந்திட்டுதோ?"

"இன்னும் இல்லை அண்ணை. நீங்கள் பூசையை முடியுங்கோ."

கடாட்சம் நடராசாவை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை முடியுமுன் போனுக்குள் ஒரு பச்சைப்பிள்ளை வீரிட்டது.

"உது என்னடா?"

"அது... பக்கத்துக் கட்டில் பிள்ளை."

பின்னால் ஒரு பெண்குரல் அதட்டியது. "கோபிகாவின்ரை பிள்ளைக்கு மாத்துத் துணி எங்கை? தகப்பன் போனிலை நிண்டால் காணுமே?"

ஐயர் கையிலிருந்த மணியைக் கீழே வைத்தார்.

"எப்ப பிறந்தது?" என்றார் கடாட்சம்.

"விடியப்புறம். பொம்பிளைப் பிள்ளை அண்ணை."

"அங்கை ஆர் நிக்கினம்?"

"நான் மட்டும்தான்."

"ஆருக்குச் சொன்னனி?"

"ஒருத்தருக்கும் இல்லை. நீங்கள்தானே சொல்லப்படாதெண்டனீங்கள்."

கடாட்சத்துக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் எறிய ஒரு ஆள் வேண்டுமே. முன்னால் நடராசா நின்றார்.

"என்னத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறாய்? போய் உளுந்தை அரை. புளிச்சிடும்."

படியில் வைத்த தட்டை அவர் திரும்பத் தொடவில்லை. வெளியே வந்தால், குணலட்சுமி ஒரு பையோடு மோட்டார்சைக்கிளடியில் நின்றாள். பழஞ்சேலைத் துணி, சவுக்காரம், சுடுதண்ணிப் போத்தல். எப்போது கட்டினாள் என்று அவர் கேட்கவில்லை. அவளை ஏற்றிக்கொண்டு நேரே யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்கு விட்டார்.

குணலட்சுமி பிள்ளைப்பேற்று விடுதிக்குள் ஓடினாள். கடாட்சம் தம்பியைத் தேடிப் பின்பக்கக் குழாயடிக்குப் போனார். ஜெயரூபன் முழங்கால் மட்டும் காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு, பிள்ளையின் துணியை வெறும் தண்ணீரில் அலம்பிக்கொண்டிருந்தான். இருந்ததே இரண்டு துண்டுதான்.

"சவுக்காரமும் இல்லாமல் என்னடா தோய்க்கிறாய், மாடு?"

"கடைக்குப் போகப் பயமாய்க் கிடந்தது அண்ணை. உள்ளுக்குக் கூப்பிட்டால் ஆர் நிக்கிறது?"

"எனக்குப் பொய் சொல்லுவியோ? நான் சொன்னால் நீ கேட்பியோ? நான் என்ன, பெரிய நீதவானோ?"

"அண்ணை, ஆக்கள் பாக்கினம்."

"பாக்கட்டும்."

கடாட்சம் பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். தம்பியின் கையிலிருந்த துணியைப் பறித்து, குழாயடியில் நின்ற எல்லோருக்கும் கேட்க அவனை ஏசி ஏசிக் கசக்கினார்.