யாரும் சொல்லாமலே ஆஸ்பத்திரிக்கு வந்தவன்

அந்த லிஃப்ட் மெக்கானிக்குக்கு உடன் வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் 'ஆனா'. எந்தப் படத்தைப் பற்றிக் கேட்டாலும், "நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா..." என்று இழுப்பார். அதற்குப் பிறகு மாட்டிக்கொண்டவன் கையிலிருக்கும் டீ ஆறிப்போகும்.

கூட்டாளிகளாவது ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு நழுவிவிடலாம். தியேட்டரில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மனைவி எங்கே போவாள்? இருட்டில் அவள் காதோரம் முணுமுணுப்பு ஓயாது. "இந்தப் பாட்டு இங்க எதுக்கு?" "இவன் செத்தா என்ன, இருந்தா என்ன?" பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் பகல் முழுக்க ஊரார் வலியைக் கேட்டுவிட்டு வருகிறவள் அவள். ஒருநாள் இடைவேளையில் பாப்கார்னை அவர் மடியில் வைத்துவிட்டு, வேறு வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். அன்றோடு சரி. அப்புறம் படத்துக்குப் போவதென்றால் தங்கையோடுதான்.

கல்யாணமான நாளிலிருந்து இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்த ஒரே பைத்தியம் சினிமா. அதுவும் போனபின் வீட்டில் பேச மிஞ்சியது காய்கறியும் கரண்ட் பில்லும்.

"என்னையும் கூட்டிட்டுப் போயேன்" என்று ஒருநாள் கேட்டே விட்டார்.

"உங்க கூட வந்தா ரெண்டு படம் பாக்கணும். திரையில ஒண்ணு, காதுல ஒண்ணு. ஆளை விடுங்க சாமி. அவ்வளவு தெரிஞ்சவரு நீங்களே வெட்டி ஒட்டிக் காட்டுறதுதானே?"

அவள் சும்மா குத்திக் காட்டினாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டார்.

தேடிப் பார்த்தபோது, அதையே பொழுதுபோக்காக வைத்திருக்கும் கூட்டம் ஒன்று இணையத்தில் இருந்தது. இழுவையான படத்தைச் சுருக்குகிறவர்கள், பிடிக்காத முடிவை மாற்றுகிறவர்கள் என்று பல ரகம். அவர்களில் 'கத்தரி' என்று பெயர் வைத்துக்கொண்டிருந்த ஒருவர், குரல் பதிவிலேயே பதில் அனுப்பினார். "அண்ணே, எடுத்த எடுப்புல பெருசா ஆசைப்படாதீங்க. காசு குடுத்து வாங்கின டிஸ்க்கா இருக்கட்டும், வீட்டுல பாக்க மட்டும். நெட்டுல ஏத்திடாதீங்க. புதுசா எதையும் ஒட்டாதீங்க, வெட்டுங்க போதும். வெட்டுறதுக்கு முன்னாடி படத்தை ஒருதடவை கண்ணை மூடிட்டுக் கேளுங்க."

கடைசி யோசனையை மட்டும் அவர் கழித்துவிட்டார். மனப்பாடமான படத்தை எதற்குக் கேட்பது?

அவர் எடுத்துக்கொண்டது மனைவிக்கு உயிரான ஒரு பழைய குடும்பப் படம். அம்மா, மகன், கண்ணீர், மூன்று மணி நேரம். அதில் அவருடைய ஜென்ம எதிரி காமெடியன். அந்தக் காலத்துப் படங்களில் சிரிப்புத் தனி வண்டி, கதை தனி வண்டி. ஒன்றைக் கழற்றிவிட்டால் மற்றது லேசாக ஓடும் என்பது அவர் கணக்கு.

இலவச மென்பொருள் ஒன்றை இறக்கி, வேலை முடிந்து வந்த மாலைகளில் உட்கார்ந்தார். முதல் வெட்டில் பாட்டின் வால் அறுந்து தொங்கியது. அடுத்ததில் கதாநாயகி பாதிச் சொல்லோடு விக்கினாள். படத்தை வெட்டினாலும் சத்தத்தை வெட்டக்கூடாது, மெல்லத் தணித்து அடுத்த காட்சியில் ஏற்ற வேண்டும் என்று பட்டுத் தெரிந்துகொண்டார். காமெடியன் தலை தெரிந்த இடமெல்லாம் போனது.

ஒரு ஞாயிறு மதியம் மனைவியைக் கூப்பிட்டார். "வா, உன் படம்தான். நான் வாயே திறக்க மாட்டேன்."

அவள் மடிக்க வேண்டிய துணிகளை அள்ளிக்கொண்டு வந்து சோபாவின் மறுகோடியில் உட்கார்ந்தாள். பிடிக்காவிட்டால் துணியைச் சாக்கு வைத்து எழுந்துவிடலாம் அல்லவா? ஆனால் அரைமணியில் மடிப்பது நின்றது. ஒரு தலையணை உறை அவள் கையிலேயே தங்கிவிட்டது. மெக்கானிக் திரையை விட்டுவிட்டு அந்த உறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரையில் அம்மா மயங்கி விழுந்தாள். மகன் எங்கோ தூர ஊரில். அடுத்த நொடியே அவன் ஆஸ்பத்திரி வராந்தாவில் "அம்மா!" என்று அலறிக்கொண்டு ஓடிவந்தான்.

"இருங்க இருங்க. இவனுக்கு யாரு சொன்னா?"

மெக்கானிக் விழித்தார். சொன்னவன் காமெடியன். கோழியைத் துரத்திக்கொண்டு வந்து இடறி விழுந்து, எழுந்து, இளித்தபடியே சேதியைச் சொல்வான். கோழியோடு சேதியும் போய்விட்டிருந்தது.

அவள் சிரித்த சிரிப்பில் துணி சரிந்தது. "சொத்தைப் பல்லைப் பிடுங்கச் சொன்னா தாடையையே கழட்டி வெச்சிட்டீங்களே!"

இத்தனை நாள் உழைப்பும் போச்சு, இனி இவள் எழுந்து போய்விடுவாள் என்று அவர் ரிமோட்டை எடுத்தார்.

"ஏன் நிறுத்துறீங்க? ஓடட்டும். அந்த ஆள் வந்தாத்தான் நான் மூக்கைத் துடைப்பேன். அழுகைக்கு நடுவுல மூச்சு விட எடம் வேணாமா? ஆனா அவன் பேய் வேஷம் போட்டுட்டு வர்ற சீன் போனது நிம்மதி. எப்பப் பாத்தாலும் எனக்கு எரிச்சல்."

"உனக்குமா? ஒருநாளும் சொன்னதில்லையே!"

"நீங்க எங்க சொல்ல விட்டீங்க?"

அவர் ரிமோட்டைக் கீழே வைத்தார். படம் முடியும்வரை அவள்தான் பேசினாள். கதாநாயகியின் தம்பியைப் பிடிக்காது என்றாள். அம்மா கதவைச் சாத்தும் இடம் இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கலாம் என்றாள். அவர் ஒவ்வொன்றுக்கும் "ம்" கொட்டினார்.

முடிந்ததும் அவளே சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்றை இழுத்துவந்து கணினி முன் போட்டாள். "எங்க, அந்தக் கோழிக்காரனைக் கொண்டு வாங்க."

"சேதி சொல்ற எடத்துல இருந்து மட்டும் போடட்டுமா?"

"ஐயோ, வேணாங்க. நாம சிரிச்சிட்டு இருக்கும்போதே சேதி வரணும். அப்பத்தான் சுருக்குனு இருக்கும்."

அவர் கோழியிலிருந்தே சேர்த்து ஓட்டினார். காமெடியன் விழுந்தான், எழுந்தான், இளித்தான். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவன் முகத்தில் சிரிப்பு வடியத் தொடங்கிய இடத்தில் அவர் விரல் மவுஸைத் தேடிப் போனது.

"இங்க வெட்டாதீங்க" என்று அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

அவர் வெட்டவில்லை. அந்த முகம் முழுசாக வாடும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கொஞ்சம் பின்னாடி ஓட்டுங்க. இன்னொரு தடவை பாப்போம்" என்றாள், கையை எடுக்காமலே.