சந்தனம் வைத்த டிஸ்க்குகள்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் அந்தக் கல்யாண வீடியோ ஸ்டூடியோவுக்குப் போனாலே எனக்குக் கண் சொக்கும். கீழிருந்து மல்லிகை வாசம், மூலையில் சர்வரின் ஃபேன் முனகல், ஜன்னலுக்கு வெளியே நழுவிப் போகும் மோனோரயில். அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை; ஸ்டூடியோவை நடத்துவது அக்கா.

அன்று, கல்யாணப் பதிவுகளைச் சேர்த்துவைக்கும் அந்தச் சர்வரின் நான்கு டிஸ்க்குகளும் தொண்டை வரை நிரம்பியிருந்தன.

"அக்கா, பழைய ஷூட்டிங் எல்லாம் அழிச்சிடலாம் லா. எடிட் பண்ணிக் கொடுத்தாச்சு, கல்யாணம் பண்ணவங்க பிள்ளைங்களே ஸ்கூலுக்குப் போகுது. இன்னும் எதுக்குக் கட்டிக்கிட்டு அழுவுறீங்க?" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"அதுல அவரு குரல் இருக்கு தம்பி."

அவர் என்றால் அக்காவின் கணவர், கேமராமேன். போன வருடம் மாரடைப்பில் போய்விட்டார். ஊரையே படம் பிடித்தவர் ஒரு வீடியோவிலும் இல்லை. கல்யாண வீட்டில் கடைசிப் பந்திவரை கேமராவை இறக்க மாட்டார். பல நாள் சாப்பிடாமலே வீட்டுக்கு வருவாராம். எடிட் செய்ததில் பாட்டு ஏறிவிடும். எடிட் செய்யாத பதிவில்தான், கேமராவுக்குப் பின்னாலிருந்து அவர் பேசுவது கேட்கும். வேறு பிரதி கிடையாது. எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆகவே எதையும் அழிக்காமல், நான்கையும் பெரிய டிஸ்க்குகளாக மாற்ற முடிவு செய்தேன். ஒன்றைக் கழற்றிப் புதியதைப் போட்டால், மற்ற மூன்றும் சேர்ந்து அதில் இருந்ததைத் திரும்ப எழுதிவிடும். முடிந்ததும் அடுத்தது. ஆனால் சோதித்தபோது ஒரு டிஸ்க் சாகக் கிடந்தது. அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும். தவறி நல்ல ஒன்றை எடுத்து, பாதியில் இது கண்ணை மூடினால், எல்லாம் போச்சு.

திரையில் அதன் வரிசை எண் இருந்தது; டிஸ்க்கின் மேலும் அதே எண் அச்சிட்டிருக்கும். சர்வரை அணைத்து டிஸ்க்குகளை வெளியே எடுத்தேன். எண் இருக்கும் இடத்தில் எல்லாம் சந்தனம், குங்குமம்!

"டிஸ்க்குல போயா பொட்டு வைப்பாங்க?"

"ஆயுத பூஜைக்குக் கேமரா, லைட்டு, வேன் எல்லாத்துக்கும் வைப்பாரு. இதுதான் நமக்குச் சோறு போடுதுன்னு இதையும் கழட்டிப் பொட்டு வெச்சாரு."

காய்ந்த சந்தனத்தில் அவருடைய விரல்ரேகை தெரிந்தது. ஈரப் பஞ்சை எடுத்தேன், கை போகவில்லை. அக்கா அதை வாங்கி முதல் டிஸ்க்கைத் துடைத்தார். அது இல்லை. இரண்டாவதும் இல்லை. மூன்றாவதைத் துடைத்தார். அதுதான்.

நான்காவதைத் துடைக்க வேண்டியிருக்கவில்லை.

அதன் இடத்தில் போட்ட புதிய டிஸ்க் நிறையத் தொடங்கியதும் மத்தியான மழை பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு இடிக்கும் கரண்ட் போய்விடுமோ என்று பயந்தேன். பயத்திலேயே அரைத் தூக்கம். மாப்பிள்ளைகளும் பெண்களும் மாமிகளும் மாலையும் கழுத்துமாக லோரியில் ஏறி, மழையில் வீடு மாறிப் போவதுபோல் இருந்தது. யாரையும் விட்டுவிடாதீர்கள் என்று நான் கெஞ்சிக்கொண்டிருந்தேன். விழித்தபோது மழை விட்டிருந்தது. எழுதி முடித்ததற்கான பச்சை விளக்கு எரிந்தது.

மற்ற மூன்றையும் அடுத்தடுத்த நாட்களில் மாற்றினேன். பொட்டு அழியாத டிஸ்க்கை அக்கா சாமி படத்தருகே வைத்தார். சர்வருக்குள் இப்போது அவர் கை பட்ட எதுவும் இல்லை. இடம் மட்டும் தாராளமாக இருந்தது.

"ஒண்ணு போட்டுக் காட்டு தம்பி."

கிள்ளானில் ஏதோ ஒரு மண்டபத்துக் கல்யாணத்தைப் போட்டேன். நாற்காலிகளை மடக்குகிறார்கள், வாழை இலைகளைச் சுருட்டுகிறார்கள். திடீரென்று கேமராவுக்குப் பின்னாலிருந்து, சிரிப்போடு, மிகப் பக்கத்தில்:

"எல்லாரும் சாப்டாச்சா? அங்கிள், நீங்க சாப்டீங்களா?"

அக்கா ஸ்பீக்கரை நோக்கிக் குனிந்தார்.

"நீங்க சாப்டீங்களா?" என்றார்.