கொயினாவுக்குப் போன ஆடு

அப்பாவுக்குக் குளிர் காய்ச்சல் வந்தது, மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில். அதற்கு முன்பும் எங்கள் ரப்பர் தோட்டத்தில் அந்தக் காய்ச்சல் எல்லோருக்கும் வரும். அப்போதெல்லாம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வாயைத் திறக்கச் சொல்லிக் கொயினா மாத்திரையைச் சும்மாவே போடுவார்கள். கசப்புக்குப் பயந்து நாங்கள் ஓடுவோம். இப்போதோ மருந்து அலமாரியில் பல்லிகள்தான் குடியிருந்தன. வைத்தியம் பார்க்கும் டிரெசர் அப்பாவின் கண்ணை இழுத்துப் பார்த்துவிட்டு, கொயினா கொடுக்காவிட்டால் உடம்பு தாங்காது, வெளியேதான் வாங்கவேண்டும் என்று சொல்லிப் போய்விட்டார்.

சுங்கை பட்டாணியில் ஒரு பாயின் கடையில் மட்டும் மருந்து இருந்தது. அம்மா நீட்டிய, வாழைமரம் அச்சடித்த ஜப்பான் நோட்டை அவர் தொடவே இல்லை. அம்மாவின் காதைப் பார்த்தார். தோட்டைக் கேட்கிறார் என்பது எனக்கே புரிந்தது. அம்மா அங்கேயே திருகைக் கழற்றப் போனாள். கூட வந்திருந்த அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அத்தை அப்பாவின் அக்கா. உப்பு வாங்கினாலும் ஒரு பிடி கூடுதலாக வாங்காமல் நகரமாட்டாள். நாங்கள் வந்ததிலிருந்து கடைக்கு உள்ளே ஒரு கைக்குழந்தை விடாமல் அழுதுகொண்டிருந்தது. அத்தை என்னை இழுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள்.

அங்கே பாயின் மனைவி குழந்தையின் வாயில் கஞ்சித் தண்ணீரைக் கரண்டியால் விட்டுக்கொண்டிருந்தார். அது வழிந்து கழுத்தில் ஓடியது. தாய்ப்பால் வற்றிவிட்டதாம், டின் பால் ஊரிலேயே இல்லை. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து குழந்தையின் காலைப் பிடித்துப் பார்த்தாள்.

"என்கிட்ட பால் ஆடு இருக்கு தங்கச்சி. விக்கமாட்டேன். என் தம்பிக்குக் காய்ச்சல் விடுற வரைக்கும் இங்க கட்டிக்க. மருந்து நீ குடு."

அந்த அம்மாள் எழுந்து கடைக்குள் போனார். திரும்பி வந்தபோது கையில் காகிதப் பொட்டலம் இருந்தது. பின்னாலேயே பாய் வந்து நின்று, "நாளைக்கே ஆடு வந்திரணும்" என்றார்.

மறுநாள் விடிந்ததும் அத்தையும் நானும் ஆட்டை ஓட்டிக்கொண்டு கிளம்பினோம். எனக்குத் திருவிழாவுக்குப் போவது போல இருந்தது. ஆனால் சாலையில் ஜப்பான் சிப்பாய் நிற்பான். ஆட்டைக் கண்டால் விடமாட்டான். அத்தை ரப்பர் மரத்தடியில் ஆட்டை நிறுத்தி, செம்மண்ணைக் குழைத்து அதன் வாயிலும் காலிலும் அப்பி, ஒரு கந்தலையும் சுற்றிக் கட்டினாள். பார்க்க எனக்கே அருவருப்பாக இருந்தது. சிப்பாய்க்கு முன்னால் இடுப்பு ஒடியக் குனிந்து வணங்கினோம். அவன் ஆட்டைக் காட்டி ஏதோ கத்தினான். "சாக்கிட் துவான், சாக்கிட்" என்றாள் அத்தை. நோய், ஐயா என்று மலாயில் சொன்னதும் அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினான். நல்லவேளையாக ஆடும் அப்போது தும்மியது.

பாய் கடையின் கொல்லையில் அத்தை ஆட்டைக் கழுவிப் பால் கறந்து கொடுத்தாள். குழந்தை குடித்தது. அழுகை நின்றது. பாயின் மனைவி ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். ஆட்டைக் கண்டே இப்படி அழுகிறவர் எப்படி வளர்ப்பாரோ என்று நினைத்தேன்.

தோடு தப்பியது. அத்தை பாயை எப்படி மடக்கினாள் என்று நான் லயத்து வரிசை முழுவதும் வீடு வீடாகச் சொன்னேன். மாத்திரை தீரத் தீர அத்தை போய் வாங்கி வந்தாள். ஒருநாள் அப்பா எழுந்து உட்கார்ந்து, மரவள்ளிக்கிழங்கு வேண்டாம், சோறு போடு என்று அம்மாவை அதட்டினார். இல்லாத சோற்றைக் கேட்கிறாரே என்று அம்மா சிரித்து, சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆட்டைத் திரும்பக் கொண்டுவர நானும் போனேன். ஓட்டமாகத்தான் போனேன். பாயின் மனைவி தானே ஆட்டை அவிழ்த்து, கயிற்றை அத்தையின் கையில் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். தடுக்கில் கிடந்த குழந்தை தன் கைமுட்டியைச் சப்பிக்கொண்டே அத்தையைப் பார்த்துச் சிரித்தது. அத்தை குனிந்து அதன் ஈறைத் தடவிப் பார்த்தாள். பிறகு கயிற்றைப் பழையபடி கம்பத்திலேயே கட்டினாள்.

"பல்லு முளைக்கட்டும்."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பேசியது காய்ச்சல் விடும் வரைக்கும்தானே? "நாம ஏமாந்துட்டோமா அத்தை?" என்று வழியில் கேட்டேன்.

"வெயிலுக்கு முன்னாடி நடடி" என்றாள்.

பேரம் என்றால் ஒருவர் ஜெயிக்கவேண்டும், ஒருவர் தோற்கவேண்டும் என்றுதான் எனக்குத் தெரியும். கடைசியில் அத்தைதான் தோற்றுவிட்டாள் என்று முடிவு செய்தேன். லயத்தில் ஆடு எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஏதேதோ சொல்லிச் சமாளித்தேன். அத்தையின் மானத்தைக் காப்பாற்றுவதாக எனக்கு நினைப்பு.