பல் படிப்புக்குப் பூக் கேட்ட கதை

பல் வைத்தியனாக வேண்டும் என்று ஆசைப்பட்டு எவனும் பிறப்பதில்லை. என்னை அந்தப் பக்கம் தள்ளியது என் அக்காவின் வாய். கல்யாணமான புதிதில் கடைவாய்ப் பல் வலிக்கிறது என்று அவளைச் சேலத்துக்கு அழைத்துப் போனார்கள். அம்மாபேட்டையில் சாலையோரம் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த ஒருவன், துருப்பிடித்த குறட்டால் பல்லை ஆட்டி ஆட்டித் தாடையையே முறித்துவிட்டான், பாவி. முறிந்த எலும்பு கோணலாக ஒட்டியது. உள்ளே சீழ் வைத்தது. நாற்றம் தாங்கவில்லை என்று ஆறே மாதத்தில் புருஷன் வீட்டார், மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கே அவளைத் திருப்பி அனுப்பினார்கள். கட்டினவன் வண்டியைவிட்டு இறங்கக்கூட இல்லை. துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்தத் துண்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது.

அதன்பிறகு அக்கா யார் எதிரிலும் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாலும் வரமாட்டாள்.

"வேத்தாளுங்ககிட்ட இந்த வாயத் தொறக்க மாட்டேன். நீ படிச்சுப்போட்டு வா சாமி, உங்கிட்டத் தொறக்கறேன்" என்றாள்.

அந்த நாளில் நம் பக்கத்தில் பல்லுக்கென்று கல்லூரி கிடையாது. விசாரித்ததில் இரண்டு இடம் தெரிந்தது. ஒன்று கல்கத்தாவில். நாலு வருஷம் படிக்க வேண்டும், கிணற்றடி வயலை விற்றால்தான் முடியும். இன்னொன்று வடக்கே ஒரு சின்ன ஊரில், தனி ஆள் நடத்தும் பள்ளி. இரண்டே வருஷம், கால்வாசிச் செலவு. எனக்கு வேண்டியதோ பல் பிடுங்குகிற வித்தை அல்ல, தாடை வைத்தியம். பல் படிப்பை எங்கே முடித்தாலும் அதைப் பிறகு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தனியாகக் கற்றாக வேண்டும்.

அப்பா இல்லாத வீட்டில் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். கிணற்றடி வயலும் அவர் உழவில்தான் இருந்தது.

"அடுத்தவன் எச்ச வாயில கைய உடற பொழப்புக்கு வயல விக்கறதா? கழுத விட்டையில முன் விட்டை என்ன, பின் விட்டை என்ன? ரெண்டு வருஷப் படிப்புல மிச்சம் புடிச்சா, பொறகு அந்தத் தாடப் படிப்புக்கு ஆகுமில்ல?" என்றார்.

"கல்கத்தாவுக்கே போறனுங்க" என்றேன், சுரத்தில்லாமல்.

"அப்பறம் நாம எதுக்குப் பேசோணும்? அம்மங்கிட்டப் பூக் கேட்டுப்போடலாம்."

பொண்ணு எடுப்பதா, கிணறு வெட்டுவதா, எதற்கும் எங்கள் ஊரில் பூக் கேட்பார்கள். வெள்ளை அரளியை ஒரு பொட்டலத்திலும் செவ்வரளியை ஒரு பொட்டலத்திலும் இலையில் மடித்து அம்மன் காலடியில் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வந்த பூ அம்மன் வாக்கு. அதற்குமேல் எவனும் பேச முடியாது. வெள்ளை வந்தால் சின்னப் பள்ளி, சிவப்பு வந்தால் கல்கத்தா என்று பெரியப்பாவே சொன்னார். மடித்ததும் அவரேதான். தீர்த்தக் குடத்தோடு பக்கத்தில் நின்ற நான் பார்த்தேன். இரண்டு முறையும் அவர் கை வெள்ளைப் பூவுக்குத்தான் போனது. தட்டில் செவ்வரளி வைத்தது வைத்தபடி இருந்தது.

சீ, அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாலு வருஷம் இங்கிலீஷில் படித்துத் தேறுவேனா என்று உள்ளுக்குள் உதறல். இரண்டு வருஷம் என்பது சுகமாக இருந்தது. குழந்தை வெள்ளையை எடுத்தது. நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அக்கா அழுதாள், சந்தோஷத்தில்.

அந்தப் பள்ளியைப் பள்ளி என்று சொல்லவே வாய் கூசுகிறது. ஒரு மாடி அறை, ஒரே நாற்காலி, கழுவாத ஓர் எச்சில் படிக்கம். கசாப்புக் கடையிலிருந்து ஆட்டுத் தாடை வரும், ஈயோடு வரும். அதில்தான் பல் பிடுங்கிப் பழகினோம். ஒருவன் வாயில் விட்ட குறட்டைக் கலங்கின தண்ணீரில் ஒரு முக்கு முக்கி அடுத்தவன் வாயில் விடுவார்கள். சாக்கு விரித்தவனுக்கும் எங்களுக்கும் வித்தியாசம், எங்களுக்கு ஒரு நாற்காலி இருந்தது. இரண்டு வருஷம் கழித்துப் பூவேலை அச்சடித்த ஒரு காகிதம் கொடுத்தார்கள்.

அதை எடுத்துக்கொண்டு தாடை வைத்தியம் கற்றுத்தரும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். யுத்த காலம். தாடை உடைந்த சிப்பாய்கள் வரிசையாகப் படுத்திருந்தார்கள். அங்கிருந்த டாக்டர் காகிதத்தை ஒரு முறைதான் பார்த்தார். சர்க்கார் ஒப்புக்கொண்ட கல்லூரியில் படித்தவர்களைத்தான் சேர்ப்போம், இது செல்லாது என்றார். வைது அனுப்பியிருந்தால்கூடத் தேவலை. பாவம் என்று பார்த்தார். இந்தப் படிப்பை ஒப்புக்கொள்வீர்களா என்று முதலிலேயே ஒரு தபால் கார்டு போட்டிருந்தால் போதும். அது எனக்குத் தோன்றவே இல்லை. ஊர் திரும்பியபோது, விற்காமல் மிச்சம் பிடித்த வயலில் பெரியப்பா கரும்பு போட்டிருந்தார். மறுபடி முதலிலிருந்து படிக்க எனக்கும் துணிச்சல் இல்லை.

சேலத்தில் ஒரு சந்தில் அறை பிடித்துப் பல் பிடுங்க ஆரம்பித்தேன். ஒரு நாள் அக்கா வண்டி கட்டிக்கொண்டு வந்தாள். சொன்ன சொல் மாறாமல் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, முந்தானையை விலக்கி வாயைத் திறந்தாள். செத்த எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. எடுத்த குறட்டைத் தட்டிலேயே திரும்ப வைத்தேன்.

"என்னால ஆகாது அக்கா. நான் படிச்சது இதுக்குப் பத்தாது. பெரிய டாக்டருங்ககிட்டக் கூட்டிக்கிட்டுப் போறேன், வா."

அவள் மெதுவாக வாயை மூடிக்கொண்டாள்.

"அதெல்லாம் வேண்டாம் சாமி. அம்மன் சொன்ன எடத்துலதான நீ படிச்ச? உம்மேல என்ன குத்தம்?"

இறங்கியதும், தலை சாய்த்திருந்த இடத்தை முந்தானையால் இரண்டு முறை துடைத்தாள். "அடுத்து வாரவங்க அருவருப்பாங்க" என்றாள். வண்டிவரை கூடவே போனேன். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூதான் இருந்தது என்று அன்றைக்கும் நான் அவளிடம் சொல்லவில்லை.