அண்ணன் கம்ப்யூட்டரும் அரை லிட்டர் தண்ணீரும்

எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ‘அண்ணன் கம்ப்யூட்டர்’. அண்ணன் அமெரிக்கா போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அதைத் துடைப்பது நான், பழுது பார்ப்பது நான், சாயங்காலம் வேலை விட்டு வந்து அதில் விளையாடுவது நான். ஆனாலும் ஆயுத பூஜை வந்தால் அம்மா சந்தனக் கிண்ணத்தை என்னிடம் நீட்டி, “அண்ணன் கம்ப்யூட்டருக்கும் ஒரு பொட்டு வெச்சுடுடி” என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

விளையாட்டு என்றதும் சிரிக்க வேண்டாம். சித்தூரில் ஒரு மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் எனக்கு லேப் வேலை. சீசனில் நாள் முழுக்க நீராவியில் நின்று வெந்துவிட்டு வந்தால், கம்ப்யூட்டரில் நாலு பேரைச் சுட்டுத் தள்ளினால்தான் மனசு ஆறுகிறது. பெங்களூரிலும் நெல்லூரிலும் இருக்கும் மூன்று பெண்களோடு எனக்கு ஒரு டீம் இருந்தது. நேரில் பார்த்ததில்லை. ஆனால் நான் ஒரு நாள் வராவிட்டால் என்னைத் தேடுகிறவர்கள் அவர்கள்தான்.

அந்த வெயில் காலத்தில் கிராஃபிக்ஸ் கார்டு கொதிக்க ஆரம்பித்தது. ஆட்டம் சூடு பிடிக்கிற நேரத்தில் ஃபேன் கிரைண்டர் மாதிரி கத்தும், படம் திக்கும், பிறகு திரை கறுத்துப்போகும். பாதி ஆட்டத்தில் மூன்று பெண்களையும் எதிரியிடம் விட்டுவிட்டு நான் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தூசி தட்டினேன், சிப்பின் மேல் தடவும் பசையை மாற்றினேன். கொஞ்சம் குறைந்தது, போதவில்லை. இனி ஒன்று குழாயில் தண்ணீர் ஓட்டிச் சூட்டை இறக்கும் வாட்டர் கூலிங், இல்லையென்றால் வேறு கார்டு.

வாட்டர் கூலிங்தான் என்று முடிவு செய்தேன். ஆசைப்பட்டு எடுத்த முடிவில்லை அது. பெரிய கார்டு போட்டால் வேகம் கூடும், சரி. ஆனால் அது இழுக்கிற கரண்டுக்குப் பவர் சப்ளையை மாற்ற வேண்டும், அதன் நீளத்துக்குக் கேபினெட்டையே மாற்ற வேண்டும். நான் ஆடுகிற ஆட்டத்துக்கு என் கார்டே தாராளம். அதற்கு இருந்த ஒரே கோளாறு சூடு. சூட்டைப் பற்றி எனக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டாம். கொதிக்கக் கொதிக்க டின்னில் அடைத்த கூழை நாங்கள் தண்ணீரில் ஓட்டித்தான் ஆற்றுகிறோம். டெம்பரேச்சர் சரியில்லை என்று நான் சொன்னால் அங்கே லைனையே நிறுத்துவார்கள். வீட்டில் என் பேச்சுக்கு ஒரு ஃபேன்கூட நிற்காது.

“குடிக்கவே தண்ணி லாரில வருது. இதுக்கு வேற தண்ணியா?” என்றாள் அம்மா.

“அரை லிட்டர்தான்மா. ஒரு தடவ ஊத்துனா அதுவே சுத்திக்கினு இருக்கும்.”

“எதுக்கும் அண்ணன ஒரு வார்த்த கேட்டுடு.”

நைனா இருந்தவரை எல்லாவற்றுக்கும் நைனாவைக் கேட்டோம். அவர் போன பிறகு கேஸ் அடுப்பு மாற்றுவதற்குக்கூட அமெரிக்காவைக் கேட்கிறோம். அம்மாவே போன் போட்டாள்.

“லூசா அவ? அந்த ஓட்டக் கார்டுக்கு வாட்டர் கூலிங்கா?” என்றான் அண்ணன். “நான் புதுசு வாங்கறேன். என்னுத அனுப்பறேன், போட்டுக்கச் சொல்லு.”

என்னுத! அவன் ஓட்டி முடித்த பார் வைத்த சைக்கிளில் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான் பள்ளிக்கூடம் போனேன். அவன் கிறுக்கித் தள்ளிய கோச்சிங் புத்தகத்தில் படித்தேன். கண்ணாடி விரிசல் விட்ட அவன் பழைய போனில்தான் எனக்கு வேலை கிடைத்த செய்தியே வந்தது. சம்பாதிக்க ஆரம்பித்த பிறகும் அவன் கழித்துப் போட்டதுதான் எனக்கா? அது என்ன நியாயம்?

அடுத்த ஞாயிறே திருப்பதிக்கு பஸ் ஏறினேன். அண்ணன் அந்தக் கம்ப்யூட்டரை வாங்கிய அதே கடை. பம்ப், குழாய், ரேடியேட்டர், கார்டின் மேல் உட்காரும் செம்புத் தகடு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கடைக்காரர் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, “ஒகசாரி அன்னய்யதோ மாட்லாடிஞ்சண்டி மேடம்” என்றார். அண்ணனிடம் ஒரு தடவை பேச வைக்க வேண்டுமாம். அவசியமில்லை, பணம் என்னுடையது என்றேன். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே தன் போனிலிருந்து அண்ணனைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். அவளுக்கு ஒன்றும் கொடுக்க வேண்டாம், நானே அனுப்புகிறேன் என்று அமெரிக்காவிலிருந்து தெலுங்கில் உத்தரவு வந்தது. பெட்டி திரும்ப அலமாரிக்குள் போய்விட்டது. நான் திறந்த பர்ஸோடு நின்றேன். சித்தூர் வரும்வரை பஸ்ஸில் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன். அழுகை வந்தது, ஆத்திரத்தில்.

ஆன்லைனில் ஆர்டர் போட்டேன். பெட்டி வந்த ஞாயிற்றுக்கிழமை கார்டைக் கழற்றி, தகட்டை உட்கார வைத்து, குழாய்களைச் சொருகி, பேட்டரிக் கடையில் வாங்கிய டிஸ்டில்டு வாட்டரை ஊற்றினேன். மற்ற எதற்கும் கரண்டு கொடுக்காமல் பம்பை மட்டும் ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே டிஷ்யூ பேப்பர் விரித்தேன். ஒழுகினால் கார்டு அவ்வளவுதான். அம்மா திட்டிக்கொண்டே வந்து பக்கத்தில் உட்கார்ந்து, டிஷ்யூவை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். சாயங்காலம், “காஞ்சுதான் கீது” என்றாள். அன்றைக்கு ஆட்டம் முழுக்க ஆடினேன். ஃபேன் இருக்கிற சத்தமே தெரியவில்லை.

அமெரிக்காவிலிருந்து திருமலைக்குக் குழந்தை மொட்டைக்கு யார் வந்தாலும், அவர்கள் பெட்டியில் பாதி அடுத்தவர் வீட்டுச் சாமான்தான். அப்படி அண்ணனோடு வேலை செய்கிற ஒருவர் குடும்பத்தோடு வந்தார். ரேணிகுண்டா ஏர்போர்ட்டுக்கே போய் அண்ணன் அனுப்பிய கார்டை வாங்கி வந்தேன். பெட்டியைப் பிரிக்கவில்லை. அவர்கள் திரும்புகிற நாளில் அம்மா வழக்கம்போல ஆவக்காய், பருப்புப் பொடி எல்லாம் கட்டினாள். இரண்டுக்கும் நடுவில் அந்தப் பெட்டியை வைத்தேன்.

“இன்னாடி இது?”

“அண்ணனுது. அண்ணனுக்கே போவுது.”

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஊறுகாய் எண்ணெய் படாமல் அதை ஒரு பழைய துண்டில் சுற்றிக் கட்டினாள்.

பெட்டி போய்ச் சேர்ந்த அன்று அம்மாவின் போன் அடித்தது. நான் ஆட்டத்தில் இருந்தேன். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஊறுகாய்க்கு நடுவுல என் கார்டு எதுக்கு வந்துக்குது? யாரக் கேட்டு அனுப்புனா? இன்னா கொழுப்பு அவளுக்கு?”

“என்ன எதுக்குடா கேக்குற?” என்றாள் அம்மா. “அது அவ கம்ப்யூட்டரு. அவளயே கேளு.”

போன் என் முகத்துக்கு முன்னால் வந்தது. திரையில் எதிரிகள் இன்னும் இரண்டு பேர் பாக்கி.

“இருக்கச் சொல்லும்மா,” என்றேன். “முடிச்சிட்டு வரேன்.”